சடுதி மரணமும் சுற்றத்தார் கடனும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பயிற்றும் தொழிலையுடைய எம்மை நோக்கி, வழக்கம்போல் யாதேனும் ஒரு காவியத்தின் நயத்தை எடுத்துரைக்குமாறு செயலாளர் பணித்தனர். யாமோ இம்முறை நோயையும் சாவையும் குறித்துப் பேச இசைவு வேண்டினேம். மங்கலமாகக் கூடிய அவையில் அமங்கலப் பொருளை எடுத்தல் தகுமோ என்று அவர் தயங்கினர். அத்தயக்கம் முறையானதே. ஆயினும், சாவு நேர்ந்த வீட்டிற் பேச இயலாதவற்றைச் சாவில்லாத நாளிற்றானே பேசிக்கொள்ள வேண்டும்? யாம் மருத்துவ நூல் கற்றவரல்லேம். நுரையீரற் புற்றுநோயினால் உடன்பிறந்தவரை இழந்து, அதன்பின் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே கூறப் புகுகின்றேம். குற்றம் உளதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறுதும். 2018ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், எம்மினும் பதினைந்து ஆண்டு மூத்தவராகிய எம் தமையனார் பட்டணத்து மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்க்கு அப்போது வயது 55. நெல் மண்டியிற் கணக்கெழுதிப் பிழைத்தவர். இளமை தொட்டுப் பீடி குடித்தவர். நுரையீரலிற் புற்று உண்டென்பது சில திங்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. மூன்றாம் முறை மருந்தேற்றிக்கொள்ளச் சென்றவர்க்குக் காய்ச்சலுங் கண்டமையால் எட்டு நாள் படுக்கையிலே கிடக்க நேர்ந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் தணிந்தது. மறுநாள் வீட்டிற்குச் செல்லலாம் என்று மருத்துவர் கூறிப் போயினர். யாம் வாடகை வண்டிக்குச் சொல்லிவைத்தேம். அண்ணியார் வீட்டைத் துப்புரவு செய்துவைக்க முன்னரே ஊருக்குப் புறப்பட்டுப் போயினர்.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணியளவில், கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவரை, துணையிருந்த அவர் மகள் தோள்கொடுத்து நடத்திச் சென்றனள். திரும்பி வந்து கட்டிலில் அமர்ந்தவர், "மூச்சு வரவில்லையம்மா" என்று ஒரு சொல்லே சொல்லிச் சாய்ந்தனர். செவிலியரும் மருத்துவரும் ஓடிவந்து முக்கால் மணி நேரம் பாடுபட்டும் உயிர் மீளவில்லை. அவரை ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டி, சொல்லிவைத்தபடியே எட்டு மணிக்கு வந்து வாயிலில் நின்றது.

நாட்பட்ட நோயாற் சிறிது சிறிதாகத் தேய்ந்து இறப்பவர்க்காக அழுகின்றோம். "நாளை வீடு" என்று சொல்லப்பட்டவர் இறந்தாலோ, அழுகையோடு ஒரு வினாவும் எழுகின்றது: "இவரைக் கொன்றவர் யார்?" எம் இல்லத்திலும் அவ்வினா எழுந்தது. நள்ளிரவிற் செவிலி போட்ட ஊசியே காரணம் என்றனர் சிலர். பணத்திற்காக எதையோ மறைத்தனர் என்றனர் வேறு சிலர். மாலையில் குடித்த கஞ்சியின்மேலும் பழி விழுந்தது. ஈற்றில் எல்லாப் பழியும் ஓரிடத்தில் வந்து தங்கிற்று. அவ்விடம் அந்தப் பெண்பிள்ளை. பதினாறாம் நாட்சடங்கில் பலர் கேட்க, "நோயாளியை ஏனம்மா எழுப்பி நடத்தினாய்? கட்டிலிலேயே பாத்திரம் வைத்திருக்கலாகாதா?" என்று வினவியவர் யாமே. அவள் விடை கூறவில்லை. கற்றவர் என்று பெயர் படைத்த யாம் அன்று கேட்ட அக்கேள்விக்காகவே இன்று இப்பொருளைப் பேசுகின்றேம்.

இனி இந்நோயின் இயல்பைச் சிறிது காண்போம். 1912ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றினைப்பற்றித் தனிநூல் எழுதிய ஐசக் ஆட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர், இத்துணை அரிய நோய்க்கு ஒரு நூல் வேண்டுமோ என்று தாமே ஐயுற்றனர். அவ்வரிய நோய் 2022ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறத்தாழ 25 இலட்சம் பேரைப் புதிதாகப் பற்றிற்று. 18 இலட்சம் பேரை மாய்த்தது. புற்றுநோய்களுள் மிகுதியான உயிரைக் கொள்வது இதுவே. இடையில் நிகழ்ந்த மாறுதல் யாது? புகைச் சுருட்டு பரவியதே முதன்மையான காரணம். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவரும், அமெரிக்காவில் விண்டர், கிரகாம் என்னும் இருவரும் இதனை எண்ணிக் காட்டினர். அவருள் எவார்ட்ஸ் கிரகாம் என்பவர், 1933ஆம் ஆண்டில் புற்றுற்ற நுரையீரல் ஒன்றை ஒரே அறுவையில் முழுதும் அகற்றி நோயாளியைப் பிழைப்பித்த பெருமையுடையவர். தாமும் புகைப் பழக்கம் உடையவர். காலங் கடந்து அதனைக் கைவிட்டும், 1957ஆம் ஆண்டில் அதே நோயால் இறந்தனர். அவர் அறுத்துப் பிழைப்பித்த நோயாளியோ அவர்க்குப் பின்னும் உயிர்வாழ்ந்தனர். புகையாதார்க்கும் இந்நோய் வருதல் உண்டாதலின், நோயுற்றாரைக் கண்டவுடன் பழித்தல் தகாது என்பதையும் ஈண்டே கூறி அமைகின்றேம்.

மெல்லக் கொல்லும் இந்நோய், மருத்துவமனையிற் படுத்திருப்பவரைச் சில வேளைகளில் நொடிப்போதிற் கொல்வது எவ்வாறு? அதற்குப் பல வாயில்கள் உள. இன்றியமையாத ஐந்தினை மட்டும் விளக்குவாம்.

முதலாவது, குருதிக்கட்டி. உடம்பினுள் நீர்போல் ஓடவேண்டிய குருதி, காலின் ஆழ்ந்த குழாய்களில் தயிர்போல் உறைந்துவிடுதல் உண்டு. அக்கட்டி ஒருநாள் பெயர்ந்து, குருதியோட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பாகத்தைக் கடந்து, நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாயை அடைத்துவிடும். வாய்க்கால் மடையைப் பெருங்கல் அடைத்தாற்போல, இதயம் எத்துணைத் தள்ளினும் குருதி அப்பாற் செல்லாது. சில நிமிடங்களில் உயிர் பிரியும். குருதி உறைதற்கு மூன்று காரணங்கள் சொல்வர்; அவை ஜெர்மனி நாட்டு ருடால்ஃப் விர்ஹோ என்பார் பெயரால் வழங்குகின்றன. ஓட்டம் தேங்குதல் ஒன்று. குழாயின் உட்சுவர் புண்படுதல் ஒன்று. குருதியின் தன்மை திரிந்து எளிதில் உறைதல் ஒன்று. படுத்தே கிடத்தலால் முதலாவதும், மருந்தேற்றுங் குழாய்களால் இரண்டாவதும், புற்றுநோயின் விளைவால் மூன்றாவதும் ஒருவரிடத்தே கூடிவிடுகின்றன. மருந்தேற்றலும் அதனை மிகுவிக்கும். ஆகலின் புற்றுநோயாளர்க்கு இவ்விடர் ஏனையோரினும் பல மடங்கு மிகுதி. நுரையீரற் புற்றுடையார் அவருள்ளும் முன்வரிசையில் நிற்பவர்.

புற்றுக்கும் குருதியுறைவுக்கும் உள்ள உறவினை 1865ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவமனையில் மாணாக்கர்க்கு விளக்கியவர் அர்மான் துரூசோ என்னும் பேராசிரியர். ஈராண்டு கழிந்தபின் அவ்வுறைவு தம் உடம்பிலே தோன்றக் கண்ட அவர், தம்முள்ளே புற்று மறைந்திருத்தலை ஐயமின்றி உணர்ந்து தம் மாணாக்கர்க்கு அறிவித்தனர். 1867ஆம் ஆண்டிலேயே இரைப்பைப் புற்றால் இறந்தனர். தாம் கற்பித்த பாடமே தமக்குச் சாவோலையாக வந்தபோதும் கண்ணை மூடிக்கொள்ளாத அம்மனத்திட்பம் போற்றத்தக்கது.

இதற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. ஹெபாரின் என்னும் மருந்து 1916ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. 1960ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், நுரையீரற் குழாயில் கட்டி அடைத்த நோயாளர் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். உறைவெதிர் மருந்து பெறாத 19 பேரில் ஐவர் அந்நோயாலேயே இறந்தனர். பெற்ற 16 பேரில் அதனால் இறந்தவர் ஒருவருமில்லை. படுக்கையிற் கிடக்கும் புற்றுநோயாளர் பலர்க்கு, குருதி கசியும் அச்சம் இல்லாதவிடத்து, இம்மருந்தினை முன்காப்பாகக் கொடுத்தலும் இக்காலத்து உண்டு.

இரண்டாவது, குருதி கக்குதல். நுரையீரலின் நடுவே பெரிய மூச்சுக்குழாயை அடுத்து வளரும் புற்று, சில வேளை உட்குழிந்து, அருகிலுள்ள பெருங்குழாயை அரித்துவிடும். இங்கே உயிர்போதல் குருதி முழுதும் வடிந்துபோதலால் என்று எண்ணுகின்றோம். பெரும்பாலும் அங்ஙனமன்று. மூச்சுக்குழாய்கள் அனைத்தும் சேர்ந்து கொள்ளும் அளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டரே. ஒரு காபித் தம்ளர் என்று கொள்க. அவ்வளவு குருதி நிறைந்தாலே மூச்சு அடைபட்டுவிடும். இப்பெருக்கிற்கு முன்னர்ச் சில நாள் சளியிற் சிறிது குருதி தோன்றுதல் உண்டு. "வெற்றிலை போட்ட கறை" என்று அதனைத் துடைத்தெறிந்துவிடலாகாது.

மூன்றாவது, நோய்க்கிருமி. மருந்தேற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் குறைந்து, உடம்பு காவலில்லாக் கோட்டைபோல் நிற்கும். புற்று அடைத்த மூச்சுக்கிளையின் பின்னே சளி தேங்கி அழுகலும் உண்டு. அப்போது புகுந்த கிருமி சில மணி நேரத்தில் குருதியெங்கும் பரவும். ஆகவே மருந்தேற்றியவர்க்கு 100.4 பாகை காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. முதியோர்க்குக் காய்ச்சலே இன்றி, மயக்கமும் பிதற்றலுமாகவும் அது வெளிப்படலாம்.

நான்காவது, இதயவுறையில் நீர் கோத்தல். இதயத்தைச் சூழ்ந்துள்ள மெல்லிய பைக்குள் புற்றுப் பரவி நீர் சுரந்தால், விரிய இடமின்றி இதயம் நெருக்குண்ணும். படுத்தால் மூச்சுத் திணறி, நிமிர்ந்து அமர்ந்தால் சிறிது தணிதலும், கழுத்து நரம்புகள் புடைத்தலும் இதன் குறிகள். காலத்தில் அறிந்தால் ஊசிகொண்டு நீரை வாங்கி உயிர் காக்கலாம்.

ஐந்தாவது, மாரடைப்பு. நுரையீரலைக் கெடுத்த அதே புகை இதயத்தின் குழாய்களையும் கெடுத்திருக்கும். புற்று ஒன்றையே அஞ்சி நிற்கும்போது மற்றொன்று வந்து உயிர்கொண்டு போகும். புற்று மூளையிற் பரவுதலும், குருதியிற் சுண்ணாம்பு மிகுதலும், உப்புக் குறைதலும் இவ்வாறே தீங்கு பயக்கும். அவற்றை விரிப்பின் பெருகும்.

இவை யாவும் எமக்குத் தெரியவந்தது எப்போது? தமையனார் மறைந்து ஆறு திங்கள் கழிந்தபின், காப்புறுதிப் பணத்தின் பொருட்டுச் சான்று ஒன்று பெற அம்மருத்துவமனைக்குச் சென்றேம். அவரைப் பார்த்துவந்த மருத்துவர் இளைஞர். எம்மை அமரச்செய்து பேசினர். "அன்று உயிர்மீட்க முயன்றபோது எக்கோ கருவியால் இதயத்தை நோக்கினோம் ஐயா. வலப்பாகம் ஊதிப் புடைத்திருந்தது. காலிலிருந்து வந்த கட்டியாக இருத்தல் வேண்டும்" என்றனர். "மகள் எழுப்பி நடத்தியதாற்றானே?" என்று வினவினேம். "இல்லை ஐயா. எழுந்திருக்கும்போது பெயர்தல் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதும் பெயரும், உறக்கத்திலும் பெயரும். நடக்கச்சொல்லி வற்புறுத்தியதே நாங்கள்தான். படுத்தே கிடப்பதால்தான் குருதி உறைகிறது" என்றனர். பின்னர்ச் சற்று நின்று, "காலில் வீக்கமேதும் இருந்ததா?" என்று கேட்டனர்.

யாம் வாய் திறவாது இருந்தேம். ஏனெனில், இறப்பதற்கு இரண்டு நாளின் முன் அப்பெண் எம்மிடம், "சித்தப்பா, அப்பாவுக்கு வலது கெண்டைக்கால் மட்டும் தடித்திருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறார்" என்று சொல்லியிருந்தனள். "படுத்தே கிடந்தால் நீர் இறங்கும்; எண்ணெய் தடவிவிடு" என்று கூறியவர் யாம். அச்செய்தி மருத்துவர் செவிக்கு எட்டவேயில்லை. உண்மையைச் சொன்னேம். அவர் எம்மைக் கடிந்திலர். "காலை நாங்களும் பார்த்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் காத்திருப்போம் என்று உறுதி கூற இயலாது. முயன்றிருப்போம்" என்றனர். குறியைக் கண்டவள் அவள் ஒருத்தி. அதனை மறைத்தவர் யாம். பழி சுமந்தவளோ அவள்.

அன்பர்களே! இதுபற்றிச் சுற்றத்தார் செய்யத்தக்கவற்றை மூன்று காலத்தில் வைத்துக் கூறுதும்.

முன்னர்ச் செய்வன: நோயாளியைச் சேர்த்த முதல் நாளிலேயே, "இந்நோயில் திடீரென வரக்கூடிய இடர் யாது? நாங்கள் எதனைக் கவனித்துச் சொல்லவேண்டும்? குருதி உறையாதிருக்க மருந்து வேண்டுமோ?" என்று மருத்துவரைப் பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். ஒருகால் மட்டும் வீங்குதல், சளியிற் குருதி, புதிதாகத் தோன்றிய மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், முகமும் கழுத்தும் வீங்குதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நொடியே சொல்லுங்கள். சொல்லத்தக்கது எது, தகாதது எது என்று சலித்தெடுக்கும் வேலையை நாம் மேற்கொள்ளற்க. வீங்கிய காலை உருவிவிடற்க. துணையிருப்பவர் சிறுபெண்ணாயினும் அவர் சொல்லை இகழற்க. இரவெல்லாம் விழித்துப் பார்த்த கண் அவருடையதன்றோ!

முன்னர்ச் செய்யத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. நோயாளி பேச விரும்பினால் பேசவிடுங்கள். எம் தமையனார் அவ்வெட்டு நாளில் இருமுறை, "தம்பி, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்றனர். இருமுறையும், "நல்லதே நினையுங்கள் அண்ணா, வீட்டுக்கு வந்து சொல்லலாம்" என்று தடுத்தேம். அது கடனோ, மகளின் திருமணமோ, வேறு யாதோ, இன்றளவும் அறியேம். சாவைப்பற்றிப் பேசினால் சாவு வரும் என்பது நம் அச்சம். பேசாமலிருந்தபோதும் அது வந்ததே! தமக்கு எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்னரே எழுதிவைத்தற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் இடந்தந்து, 2023ஆம் ஆண்டில் அதன் முறையையும் எளிதாக்கியிருக்கின்றது. அத்துணை எழுத்து இல்லாவிடினும், கட்டிலருகே அமர்ந்து செவிகொடுத்தற்கு எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை.

அந்நேரத்திற் செய்வன: உரக்கக் கூவிச் செவிலியை அழையுங்கள். குருதி கக்கினால், நோயுற்ற நுரையீரற் பக்கம் கீழாகுமாறு ஒருக்களித்துப் படுக்கச்செய்தல் முறை. மற்றைப் பக்கத்தில் குருதி நிரம்பாதிருத்தற் பொருட்டு. அத்தகைய அச்சமுடையார் அருகில் கருநிறத் துணியொன்று வைத்திருத்தலும் நன்று. வெள்ளைத் துணியிற் பரவும் சிவப்பு நோயாளியையும் காண்பாரையும் பேரச்சத்தில் ஆழ்த்தும். வேறொன்றும் இயலாவிடின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். தனியே போகின்றோம் என்னும் எண்ணம் அவர்க்கு வாராதிருக்கட்டும்.

பின்னர்ச் செய்வன: மருத்துவரிடம் காரணத்தைக் கேளுங்கள், அன்றே இயலாதாயின் மற்றொரு நாள் சென்று கேளுங்கள். ஐயம் மிகுந்தால் உடலைக் கூறுபடுத்தி ஆராய இசைவு தருதலும் குற்றமன்று. பாதுவா நகரத்து மொர்காஞி என்பார் 1761ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இறந்தாருடலை ஆராய்ந்தே நோய்களின் இருப்பிடங்களைக் காட்டினர். அவ்வழி வந்த அறிவே இன்று நம்மைக் காக்கின்றது. தவறு உண்டென்று தெளிந்தால் முறைப்படி கேட்டல் நம் உரிமை. தெளியுமுன் கைநீட்டலும் நாநீட்டலும் கொடுமை. கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவர், கடைசியாக ஊசி போட்டவர், கடைசியாகத் தோள் கொடுத்தவர் என்று "கடைசி"யைப் பற்றிக்கொண்டு பழி தேடாதீர்கள். கடைசிவரை உடனிருந்தமையாற்றானே அவர் கடைசியாக அகப்பட்டார்?

இளைஞர்களே! புகையை விடுங்கள் என்று உங்களுக்கு நீண்ட உரை நிகழ்த்தப் போவதில்லை. கிரகாம் என்னும் பேரறிஞர்க்கு ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முடிவாக ஒன்று. மருத்துவரைக் கண்டு மீண்ட அன்று மாலையே அண்ணியார் வீட்டிற்குச் சென்று, அப்பெண்ணை அழைத்து, நடந்ததையெல்லாம் கூறி, "பிழை எம்முடையது, பொறுத்துக்கொள் அம்மா" என்றேம். அவள் நெடுநேரம் பேசாதிருந்தனள். பின்னர், "எண்ணெய் தடவியது நான்தானே சித்தப்பா" என்றனள். ஆறு திங்களாக அவள் நெஞ்சில் இருந்தது யாம் சுமத்திய பழி மட்டுமன்று. அதனினும் பெரிய ஒன்றைத் தானே சுமந்திருந்தாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேம். "தடவச் சொன்னது நாம், வீக்கத்தை முதலிற் கண்டது நீ" என்று கூறி, மறுவாரமே அவளை அம்மருத்துவரிடம் அழைத்துச் சென்றேம். எண்ணெய் தடவியதாற்றான் கட்டி பெயர்ந்தது என்று ஒருவராலும் சொல்ல இயலாது என அவர் அவளுக்கே நேரில் எடுத்துரைத்தனர். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் உறங்கினாள். தந்தை இறந்தபின் அவள் அவ்வாறு அயர்ந்து உறங்கி யாம் கண்டது அன்றுதான்.

இந்த அவையில் இருப்போர் இல்லங்களிலும் இத்தகைய சுமையைச் சொல்லாமற் சுமப்பவர் ஒருவர் இருக்கலாம். இன்று வீடு சென்றவுடன் அவரை அழைத்து ஒரு நற்சொல் கூறுங்கள். எமது பேச்சின் பயன் அதுவே.  எல்லோரும் நோயற்று நெடிது வாழ்க!